பிழையை யார் பற்றில் எழுதுவது?

கடந்த பங்குனியில் என் அக்காள் மகன் குட்டி யானை என்கிற சிறிய சரக்கு வண்டி, பழையது ஒன்றுக்கு விலை பேசினான். வண்டி நல்ல வண்டி. ஆத்தங்குடியிலிருந்து கல் ஏற்றிக்கொண்டு திருச்சி வரை ஓடிய வண்டிதான், உரிமையாளர் வெளிநாடு போகிறார் என்பதால் 2,80,000 ரூபாய்க்குத் தருவதாக ஒப்புக்கொண்டார். 10,000 ரூபாய் முன்பணம் கொடுத்தாயிற்று. மீதியில் இரண்டு லட்சத்துக்குக் கடன் கேட்டு, பெயர் சொல்ல வேண்டாத ஒரு நிதி நிறுவனத்தின் காரைக்குடிக் கிளைக்கு நானும் அவனோடு போயிருந்தேன். அங்கே இருந்த அதிகாரி இளைஞர், பண்பானவர். கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பியே காட்டினார். பையனின் சிபில் மதிப்பெண், அதாவது கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டியிருக்கிறான் என்று கடன் தகவல் நிறுவனம் போடும் மதிப்பெண், 611. காரணமும் திரையிலேயே இருந்தது: மூன்று ஆண்டுகளுக்கு முன் அடைத்து முடித்த மோட்டார் சைக்கிள் கடனில் 1,062 ரூபாய் இன்னும் நிலுவை என்று காட்டியது. அது கடைசித் தவணைக்கு முந்தைய தவணையின் காசோலை திரும்பியதற்கான கட்டணம். கடன் கொடுத்தவர்கள் அதைத் தள்ளிவிட்டு, கடன் முடிந்தது என்று தடையின்மைச் சான்றும் கொடுத்திருந்தார்கள். அந்தச் சான்றைப் பையன் நெகிழி உறைக்குள் போட்டுக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான்.

அதிகாரி அதை முழுவதும் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "எனக்குத் தெரியுது சார். ஆனா சிஸ்டம் எடுத்துக்க மாட்டேங்குது" என்றார்.

வெளியே வந்ததும் பையன் கேட்டான்: "அம்மான், அவருக்கே தெரியுதுங்கிறாரே, அப்புறம் யாருக்குத் தெரியணும்?"

நான் முப்பது வருடமாகக் கணக்கு எழுதிப் பிழைப்பவன். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு என் வேலையில் பாதி, போர்ட்டலோடு மல்லுக்கட்டுவதுதான். ஆகவே 'சிஸ்டம் எடுக்கவில்லை' என்ற வாக்கியம் எனக்குப் புதிதன்று. நானே வாரத்துக்கு நான்கு முறை என் வாடிக்கையாளர்களிடம் சொல்கிறேன். ஆனால் பையன் கேட்ட கேள்விக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து ஐயாவின் பெட்டகத்தைத் திறந்தேன். வேறு எதற்காகவும் இல்லை, மனம் ஒரு நிலைக்கு வரவேண்டும் என்றால் அந்தப் பழைய பேரேடுகளைப் புரட்டுவது எனக்குப் பழக்கம்.

எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியை (என் அப்பாவை) பெற்றவர், முதலாளி அல்லர். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், என்றாலே ஆயிரம் ஜன்னல் வீடும் பர்மாத் தேக்கும் என்று நினைப்பவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வட்டிக் கடையில் பெட்டியடிப் பையனாக (தொழில் பழகும் எடுபிடியாக) ரங்கூன் போய், அடுத்தாளாகி (உதவியாளராகி), பின்னர் கீழ்ப்பர்மாவில் ஓர் ஊர்க் கடைக்கு ஏஜெண்டாக இருந்தவர். மூன்று வருடக் கணக்கு முடிந்தால் ஊருக்கு வருவார், கொஞ்ச காலம் இருப்பார், மறுபடி கப்பல் ஏறுவார். முதலாளி இங்கே செட்டிநாட்டில். கடன் கொடுப்பது, தவணை நீட்டுவது, வசூலிப்பது என எல்லா முடிவும் கடலுக்கு அப்பால் இருந்த ஏஜெண்டின் கையில். அந்தப் பேரேட்டில் மேலே பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே வரவு ஒரு பக்கம், பற்று (ஒருவர் கணக்கில் செலவாக எழுதுவது) ஒரு பக்கம். ஒவ்வொரு பதிவிலும் பணம் யார் வசம் போயிற்று, யார் வசம் வந்தது என்று ஆள் பெயர் இருக்கும். 'நிராகரிக்கப்பட்டது', 'முடக்கப்பட்டது' என்று செய்தவர் பெயரே இல்லாத வினைச்சொல் ஒன்றைக்கூட நான் அதில் பார்த்ததில்லை.

அப்பச்சி சொன்ன ஒரு சம்பவம் உண்டு. ஒரு வருடம் பர்மியச் சம்சாரி (விவசாயி) ஒருவனின் உழவு மாடு செத்துப் போயிற்று. அந்தத் தவணையை அவனிடம் கேட்பதில் பொருள் இல்லை என்று ஐயா முடிவு செய்து, அறுவடைக்குத் தள்ளிவைத்து, காரணத்தை முதலாளிக்குக் கடிதத்தில் எழுதினார். முதலாளியின் பதில் சுருக்கமானது: நீர் பார்த்துச் செய்ததை நான் மறுக்கவில்லை, ஆனால் அது வராமற் போனால் உம்முடைய சம்பளத்தில் பற்று எழுதப்படும். ஐயாவுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லையாம். முடிவு எடுக்கும் உரிமை தன்னிடம் இருந்தால் தவறினால் வரும் செலவும் தன் தலையில்தான் விழும் என்பது அந்தத் தொழிலில் பெட்டியடியிலேயே கற்றுக்கொள்வது. மாகாணி, முந்திரி வாய்ப்பாடு போல. (முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. வட்டிக் கணக்கை அந்தப் பின்னம் வரைக்கும் மனத்திலேயே போட்டார்கள். நான் கால்குலேட்டர் இல்லாமல் பதினெட்டு சதவீதம் போடத் திணறுகிறேன்.)

இந்தச் சம்பவத்தை வைத்து, அந்தக் காலத்தில் மனிதர் முகம் பார்த்து நியாயம் செய்தார்கள், இன்று இயந்திரம் வந்து எல்லாம் கெட்டது என்று எழுதிவிட்டால் படிப்பவர்களுக்கு இனிக்கும். எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் அப்படித்தான் எழுதிக்கொள்கிறோம். ஆனால் அதே பேரேட்டைத் தொடர்ந்து புரட்டுகிறவனால் அப்படி எழுத முடியாது.

ஆங்கிலேயர் 1852இல் கீழ்ப்பர்மாவைப் பிடித்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவின் காடும் சதுப்பும் நெல் வயலாகி, சில லட்சம் ஏக்கராக இருந்த சாகுபடி 1930களில் 80 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. காட்டை வெட்டுவதற்கும், மாடு வாங்குவதற்கும், முதல் விளைச்சல் வரும்வரை வயிற்றைக் கழுவுவதற்கும் வேண்டிய பணத்தைப் பெரும்பாலும் எங்கள் ஆட்கள் கொடுத்தார்கள். ஐரோப்பிய வங்கிகள் அந்தச் சேற்றில் இறங்கவில்லை. ரங்கூன் மொகல் தெருவில் கோயில் உண்டு. அங்கே மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். சாமி சந்நிதியில் பேசி வைத்த வட்டி என்பதால் யாரும் மீறுவதில்லை. கிராமத்து உள்ளூர் லேவாதேவிக்காரர்களைவிட எங்கள் வட்டி குறைவு என்பதை அன்றைய அரசாங்கத்து விசாரணைக் குழுவே பதிவு செய்தது. ஆகக் கணக்கில் பழுது சொல்ல இடமில்லை.

பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை இரண்டு மூன்று வருடத்துக்குள் பாதிக்கும் கீழே போயிற்று. வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது, அடைக்க வேண்டிய நெல்லின் விலை பாதியாகிவிட்டது. ஒரு சம்சாரிக்கு மட்டுமல்ல, டெல்டா முழுவதற்கும் ஒரே நேரத்தில். மாடு செத்தவனுக்குத் தவணை நீட்டலாம். எல்லோருக்கும் நீட்டினால் கடை மூட வேண்டியதுதான். ஈடாக எழுதி வாங்கிய நிலங்கள் ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தன. கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்த நிலம் மொத்தத்தில் 6 சதவீதம். 1937இல் அது 25 சதவீதம். எங்களுக்கு நிலம் தேவைப்படவில்லை என்பதும் உண்மை; ரொக்கத்தில் தொழில் செய்பவனுக்குக் கடல் கடந்த நாட்டில் வயல் எதற்கு? ஆனால் தாத்தன் காலத்தில் காடு வெட்டித் திருத்திய வயலில் குத்தகைக்காரனாக நின்றவனுக்கு இந்த உண்மையால் என்ன ஆயிற்று? 1930 டிசம்பரில் பர்மிய விவசாயிகள் தொடங்கிய சாயா சான் கிளர்ச்சியை எங்கள் வீடுகளில் 'அங்கே கலகம் வந்துச்சு' என்ற மூன்று சொற்களில் முடித்துவிடுவார்கள். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது கால்நடையாகத் தப்பி வந்த கதையும், 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்த கதையும், 1963இல் மிச்சம் மீதியும் போன கதையும் மட்டும் பட்டாலைப் பேச்சில் வருடக்கணக்காக ஓடும். 'பர்மாவுல விட்டது' என்ற ஒரே சொற்றொடரில் ஒரு சமூகத்தின் துயரம் முழுவதும் இருக்கிறது. பர்மியச் சம்சாரி விட்டதற்கு எங்கள் ஏட்டில் தலைப்பே இல்லை.

இதை நான் பல வருடமாக யோசித்து வந்திருக்கிறேன். ஒவ்வொரு கடன் பத்திரமும் தனித்தனியாகப் பார்த்தால் சரி, இரு தரப்பும் அறிந்து கையெழுத்திட்டது, வட்டி நியாயமானது, கூட்டலில் ஒரு தம்பிடிப் பிழை கிடையாது. அத்தனை சரிகளையும் ஒன்றாகச் சேர்த்தால் அநியாயம் வருகிறது. அது எப்படி? எனக்குக் கிடைத்த விடை இதுதான்: ஏஜெண்டு தவறினால் சம்பளத்தில் பற்று என்று எழுதி வைத்தார்கள், முதலாளி தவறினால் மூலதனத்தில் பற்று. ஆனால் உலகச் சந்தையே தவறினால் அது யார் பற்றில் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காத பற்று தானாகவே வலுவில்லாதவன் தலையில்தான் போய் உட்காரும். அந்த நேரத்தில் நடுவில் புகுந்து பங்கு போட வேண்டியது அரசாங்கம். அன்றைய காலனி அரசு நிலச் சட்டங்களைக் கொண்டுவந்ததோ 1930களின் கடைசியிலும் 1941இலும். அதற்குள் நிலம் கை மாறி முடிந்திருந்தது.

நம் காலத்து அரசாங்கம் அப்படிப் பேசாமல் இருப்பதில்லை. 2008 பிப்ரவரியில், எங்கள் கானாடுகாத்தானில் பிறந்த நிதியமைச்சர் 60,000 கோடி ரூபாய் விவசாயக் கடன் தள்ளுபடியை அறிவித்தார். கடன் கொடுத்தே பெயர் வாங்கிய வட்டாரத்திலிருந்து போன ஒருவர் கடனைத் தள்ளினார் என்று அப்போது எங்கள் பக்கம் சிரித்துக்கொண்டார்கள். எனக்கு அந்தத் திட்டத்தின் நோக்கத்தில் சண்டை இல்லை, விதியில்தான். இரண்டு ஹெக்டேர் வரை, அதாவது ஏறக்குறைய ஐந்து ஏக்கர் வரை வைத்திருப்பவருக்கு முழுத் தள்ளுபடி. அதற்கு மேல் போனால் மீதியைக் கட்டிய பிறகு கால் பங்கு தள்ளுபடி. தஞ்சாவூரில் காவிரிப் பாசனத்தில் ஐந்து ஏக்கர் வைத்திருப்பவரும், சிவகங்கைச் சீமையில் கண்மாய் நிறைந்தால் உண்டு, இல்லையென்றால் கருவேலந்தான் என்று ஏழு ஏக்கர் வைத்திருப்பவரும் இந்த அளவுகோலில் எந்தெந்தப் பக்கம் விழுவார்கள் என்று பாருங்கள். வானம் பார்த்த பூமிக்காரர் 'பெரிய விவசாயி' ஆகிவிடுகிறார். வறட்சி மாவட்டங்களுக்குப் பின்னால் கொஞ்சம் தளர்வு சேர்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2013இல் தலைமைத் தணிக்கையர் அறிக்கை வந்தபோது, சோதித்துப் பார்த்த கணக்குகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் ஏதோ ஒரு குறை இருந்தது: தகுதி இருந்தும் விடுபட்டவர்கள், தகுதி இல்லாமலே பெற்றவர்கள். கைமாற்றாகவும் கந்துவட்டிக்கும் வாங்கிய சம்சாரி இந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை.

அதனோடு 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையின் விதியை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கிய திட்டம் அது. அதில் நில உச்சவரம்பு நன்செய்க்கு ஐந்து ஏக்கர், புன்செய்க்குப் பத்து ஏக்கர். இதைப் படித்தபோது, கட்சி எதுவானாலும் இந்த வரியை எழுதிய அதிகாரி காய்ந்த கரிசலில் ஒருநாளாவது நின்றிருப்பார் என்று தோன்றிற்று. ஆனால் அதே பட்டியலில் வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவழிக்கும் குடும்பத்துக்குக் கிடையாது என்றும் இருக்கிறது. பெரும்பாலான ஊர்களுக்கு இது பொருத்தமான அளவுகோல்தான். குளிர்சாதனம் ஓடும் வீட்டை அது பிடித்துவிடும். எங்கள் ஊரில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் விசித்திரமாகும். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீடு. பதினாறு புள்ளிக்கு (குடும்பத்துக்கு) பங்கு. பதினைந்து புள்ளி சென்னையிலும் சிங்கப்பூரிலும். கடைசிக் கட்டில் இரண்டு அறையில் ஒரு விதவை ஆச்சி. மின் இணைப்பு செத்துப்போன பெரியவர் பெயரில் ஒன்றே ஒன்று. கல்யாணத்துக்கும் படைப்புக்கும் (முன்னோர் வழிபாட்டுக்கும்) பங்காளிகள் வந்து இறங்கினால் ஓடுகிற விளக்கும் மோட்டாரும் எல்லாம் அந்த ஒரே மீட்டரில். அளவி பொய் சொல்லாது. ஆனால் அது அளப்பது ஆச்சியை அன்று. இப்படிப்பட்டவருக்காகத்தான் நிராகரிப்பு வந்த 30 நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள். கதவு உண்டு என்பது நல்லது. இ-சேவை மையம் வரை போய், குறுஞ்செய்தியில் வந்த காரணத்தைப் படித்து, அது தவறு என்று ஆவணத்தோடு சொல்லத் தெரிந்தவருக்கு அது கதவு. மற்றவருக்குச் சுவரில் வரைந்த கதவு.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் இருக்கும் ஓர் அக்காளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆத்தங்குடிக் கல் (பூப்போட்ட தரைக்கல்) போடும் பட்டறையில் இருபது வருடமாக வேலை. கண்ணாடிப் பலகையை எண்ணெய்த் துணியால் துடைத்து, இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஒவ்வோர் இதழுக்கும் தனித்தனியாக ஊற்றி, அச்சை ஆடாமல் எடுத்து, மேலே காய்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பின்பு ஈரக் கலவையை அப்பி மட்டம் செய்வார். வெயிலில் ஆறவைத்து, தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, பிறகு எடுத்தால் கண்ணாடி தானாகக் கழன்று பூ பளபளவென்று வரும். நான் பல தடவை வேடிக்கை பார்த்திருக்கிறேன். கண்ணாடி போலவே மழமழவென்று ஆகிவிட்ட இன்னொன்று அந்த அக்காளின் விரல் நுனிகள். சிமெண்டு ரேகையைத் தின்றுவிட்டது.

ரேஷன் கடையில் 2020இல் விரல் ரேகை வைத்து அரிசி கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரு மாதம் அக்காளுக்குப் பத்து விரலும் விழவில்லை. தலைமுடியில் தேய்த்தார், சேலையில் துடைத்தார், வரிசையில் நின்றவர்கள் எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னார்கள். குறுஞ்செய்தி எண்ணைச் சொன்னால் போதும் என்றார் விற்பனையாளர். அட்டையில் இருந்த கைப்பேசி எண் திருப்பூரில் இருக்கும் மகன் எப்போதோ தொலைத்த சிம். நாளைக்கு வாங்க, சர்வர் சரியாகலாம் என்றார். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் வேறொரு பெண் விற்பனையாளர் இருந்தார். பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரிசியைப் போட்டுவிட்டார். ரேகை விழாதவரைத் திருப்பி அனுப்பக் கூடாது, வேறு வழியில் கொடுக்க வேண்டும் என்பது ஏற்கெனவே அரசு சொல்லியிருந்த விதிதான். முதல் இரண்டு நாள் இருந்தவருக்கு அது தெரியவில்லை, அல்லது பின்னால் கேள்வி வருமோ என்ற பயம். அரிசி கிடைத்தது, யாரும் பட்டினி கிடக்கவில்லை, புள்ளிவிவரத்தில் இது வெற்றிகரமான ஒரு விநியோகம். அக்காளுக்கு இரண்டு நாள் கூலி போயிற்று. அது எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

பையனின் 1,062 ரூபாயும் அக்காளின் இரண்டு நாள் கூலியும் ஒரே இனம் என்று எனக்குப் பட்டது அப்போதுதான். இயந்திரம் தவறு செய்கிறது என்பது என் குறை அன்று. ஐயாவும் தவறியிருப்பார், நானும் மாதம் ஒரு தவறு செய்கிறேன். தவறை நிரூபிக்கும் பாரமும், நிரூபிக்கும் வரை ஆகும் செலவும் தவறு செய்யாதவர் பக்கமே ஒவ்வொரு முறையும் விழும்படி இந்த அமைப்புகளைக் கட்டுகிறோம். அதுவும் யாரும் கெட்ட எண்ணத்தோடு அன்று. தகுதியில்லாத ஒருவர் பெற்றுவிட்டால் தணிக்கையில் கேள்வி வரும். தகுதியுள்ள ஒருவர் விடுபட்டால் அவர் வந்து கேட்டால்தான் உண்டு. எது செலவாகிறதோ அதைத் தவிர்க்கும்படிதான் மனிதரும் யோசிக்கிறார்கள், மனிதர் எழுதிய நிரலும் யோசிக்கிறது.

இது நம் ஊர்க் கதை மட்டும் அன்று. தெலங்கானாவில் பல துறைத் தரவுகளையும் இணைத்து, வசதியுள்ளவர் யார் என்று கணினியே கண்டுபிடித்து ரேஷன் அட்டையை நீக்கும் ஏற்பாடு செய்தார்கள். கார் வைத்திருக்கும் ஒருவர் பெயரும் ரிக்‌ஷா ஓட்டிய ஒருவர் பெயரும் ஒத்துப்போனதால் ரிக்‌ஷாக்காரர் குடும்பம் கார்க்காரக் குடும்பமாயிற்று. 2016 முதல் நீக்கிய சுமார் 19 லட்சம் அட்டைகளை மறுபடி சரிபார்க்கும்படி 2022இல் உச்சநீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவிலோ ஒருவரின் வருட வருமானத்தை 26ஆல் வகுத்து, இரண்டு வாரத்துக்கு இவ்வளவு சம்பாதித்தாய், ஆகவே நீ வாங்கிய உதவித்தொகையில் இவ்வளவைத் திருப்பிக் கட்டு என்று லட்சக்கணக்கானவருக்குக் கடிதம் போயிற்று. ஆறு மாதம் வேலை, ஆறு மாதம் சும்மா என்று இருப்பவருக்குச் சராசரி என்பது என்ன பொருள்? கண்மாய்ப் பாசனத்தில் ஒரு போகம் எடுப்பவரிடம் கேட்டால் சொல்வார். 'நான் கடன்படவில்லை' என்று பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடி நிரூபிக்க வேண்டியவர் கடிதம் பெற்றவர். 2023இல் அரச விசாரணை ஆணையம் அந்தத் திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது. அதற்கு முன்பே அந்த அரசு வசூலித்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. வகுத்தலில் தவறில்லை. ஐயாவின் வட்டிக் கணக்குப் போல, தம்பிடி சுத்தம்.

எதிர்ப் பக்கத்தையும் நான் மறைக்கக் கூடாது. பையனுக்கு ஒரு சிநேகிதன். அவனுடைய அப்பா எங்கள் தெருவில் வண்டி மாடு ஓட்டியவர். அந்தப் பையன் மோட்டார் சைக்கிள் வாங்கியபோது யாருடைய சிபாரிசையும் கேட்காமல், அவன் ஒழுங்காகக் கட்டிய கைப்பேசித் தவணைகளின் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து அரை மணியில் கடன் கொடுத்தார்கள். எங்கள் ஐயா காலத்து வட்டிக் கடையாக இருந்திருந்தால் அவன் திண்ணைக்குக் கீழே தெருவில் நின்றுதான் கேட்டிருக்க வேண்டும். என்ன ஆள், யார் மகன், யார் ஜாமீன் என்று கேட்டுக் கடைசியில் நகை இருந்தால் பார்ப்போம் என்றிருப்பார்கள். முகம் தெரிந்தவருக்கு இரங்கும் அறிவு, முகம் தெரியாதவரிடமும் 'முகம் வேண்டாத'வரிடமும் கல்லாகிவிடும். மாடு செத்த சம்சாரிக்கு இரங்கிய அதே ஐயா, சாதி பார்த்துத் தண்ணீர் கொடுத்தவர் என்று அப்பத்தா சொல்லியிருக்கிறார். ஆகையால் மதிப்பெண்ணைத் தூக்கி எறிந்துவிட்டுப் பழைய முகப்புத் திண்ணைக்குத் திரும்பலாம் என்று என்னால் வாதிட முடியாது. யோசிப்பது மனிதரா, இயந்திரமா என்ற கேள்வியே எனக்கு இப்போது அவ்வளவு முக்கியமாகத் தோன்றவில்லை. எதிரே ஒருவர் ஒரு தாளை நீட்டும்போது அதனால் தன் முடிவை மாற்றிக்கொள்ள முடிகிறதா என்பதுதான் கேள்வி. அந்தக் கிளை அதிகாரி தாளைப் படித்தார், புரிந்துகொண்டார், நம்பினார். ஆனால் அவர் புரிந்துகொண்டதால் எதுவும் மாறக்கூடாது என்று அவருடைய நாற்காலியைச் செய்திருந்தார்கள். அடுத்தது அந்த நாற்காலியில் செயற்கை நுண்ணறிவு உட்காரப் போகிறது என்கிறார்கள். அதற்கும் 'தெரியும்' என்று சொல்ல வரும். இன்னும் பண்பாகக்கூடச் சொல்லும்.

பற்று எழுத வழியே இல்லையா என்றால், ஓர் இடத்தில் இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடித்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் ஒரு சுற்றறிக்கை போட்டது, 2024 ஏப்ரல் முதல் நடைமுறை. கடன் தகவலில் பிழை என்று புகார் கொடுத்து 30 நாளுக்குள் தீர்க்கவில்லையென்றால், அதற்கு மேல் ஆகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் புகார் கொடுத்தவருக்குச் சேர வேண்டும். கடன் கொடுத்த நிறுவனம் 21 நாளுக்குள் திருத்தத்தை அனுப்பாவிட்டால் பற்று அவர்களுடையது. அனுப்பியும் தகவல் நிறுவனம் தாமதித்தால் இவர்களுடையது. தொகை சிறிது. ஆனால் அதன் அமைப்பை ஐயா பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார்: யார் தவறு, எத்தனை நாள், யார் வசம். ரேஷன் கடைக்கும் உதவித்தொகைக்கும் இப்படி ஒரு வரி இருந்தால், அக்காளின் இரண்டு நாள் கூலி யாருடைய கணக்கிலாவது செலவாக ஏறும். செலவாக ஏறினால், விதியைத் தெரிந்து வைத்துக்கொள்வது விற்பனையாளரின் மேலதிகாரிக்கே லாபமாகிவிடும்.

பையனை உட்காரவைத்து அன்றிரவே புகாரைப் பதிந்தோம். சான்றை ஸ்கேன் செய்து இணைத்தோம். 30 நாள் போயிற்று. வண்டிக்காரர் காத்திருக்க முடியாமல் புதுக்கோட்டைக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். முன்பணத்தில் 5,000 ரூபாயைப் பெரிய மனது பண்ணித் திருப்பிக் கொடுத்தார். 41ஆம் நாள் திருத்தம் ஏறியது. மதிப்பெண் 738. அதே அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டு, "இப்ப சிஸ்டம் எடுத்துக்குது சார், தம்பிய வரச் சொல்லுங்க" என்றார். வாங்குவதற்கு வண்டிதான் இல்லை. பையன் தற்போது வேறொருவருடைய குட்டி யானையில் நாள் கூலிக்கு ஓடுகிறான்.

ஐயா எழுதியது போலவே ஒரு பக்கம் எழுதி அவனிடம் கொடுத்திருக்கிறேன். பற்றுப் பக்கத்தில் முன்பணத்தில் போனது 5,000, காரைக்குடிக்கு அலைந்த பெட்ரோல் 640. வரவுப் பக்கத்தில், தாமதம் 11 நாளுக்கு வரவேண்டியது 1,100. அந்த 1,100 இன்னும் வரவில்லை; அதற்குத் தனியாக ஒரு புகார் எழுதிக்கொண்டிருக்கிறோம். "இது யார் வசம்னு எழுதுறது அம்மான்?" என்று கேட்டான். அந்தக் கட்டத்தை இப்போதைக்குக் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன்.